யாருமற்றோருக்கு ஒரு படையல்: சீனர்களின் பசித்த ஆவிகள் திருவிழாவும் திருப்பதியின் மகாளயமும்

2025ஆம் ஆண்டு செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதியில் அன்று மகாளய அமாவாசை. முன்னோருக்கு எள்ளும் நீரும் இறைப்பதற்குரிய நாள்களில் தலையாயது அது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அதே நாள் சீன நாள்காட்டியின் ஏழாம் மாதத்துக்கு இறுதி நாளாக அமைந்தது. அம்மாதத்தின் தொடக்கத்தில் திறக்கும் பாதாளத்தின் கதவு அன்றிரவு மூடப்படுகிறது என்பதும், ஒரு மாதம் மண்ணுலகில் உலவிய ஆவிகள் தம் இருப்பிடம் திரும்புகின்றன என்பதும் சீனர்களின் நம்பிக்கை.

இந்தப் பொருத்தம் ஆண்டுதோறும் நிகழ்வதன்று. முந்திய ஆண்டில் சீனர்களின் ஏழாம் மாத முழுநிலவு நாள் ஆகஸ்ட் 18ஆம் தேதியும், மகாளய அமாவாசை அக்டோபர் 2ஆம் தேதியும் வந்தன. 2025இல் சீன நாள்காட்டியில் ஆறாம் மாதம் இருமுறை வந்ததால் ஏழாம் மாதம் பின்னுக்குச் சென்று, தெலுங்கு நாள்காட்டியின் பாத்ரபத மாதத்தோடு இணைந்தது. நாள்கள் ஒன்றியது கணக்கின் விளைவு. ஆயினும் இவ்விரு வழிபாடுகளுக்கும் இடையிலுள்ள உறவு கணக்கோடு முடிந்துவிடுவதில்லை. சீனத் திருவிழாவின் மூலக்கதையே இந்தியாவிலிருந்து பௌத்தத்தின் வழியே சென்றதாகும்.

மலேசியத் தமிழர்களுக்கு இத்திருவிழா புதிதன்று. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழும் சாலையோரங்களிலும் எரியும் ஊதுவத்திகளையும், தகரப் பீப்பாய்களில் கனலும் காகிதப் பணத்தையும் அவர்கள் ஆண்டுதோறும் கடந்து செல்கின்றனர். சீனர்கள் தங்கள் முன்னோருக்குச் செய்யும் திதி இது என்பது பரவலான எண்ணம். அது பாதியளவே உண்மை. சொந்த முன்னோரின் கல்லறைகளைத் துப்புரவு செய்து வணங்குவதற்குரிய நாள் ஏப்ரல் தொடக்கத்தில் வரும் சிங் மிங். ஏழாம் மாதத்தில் வீடுகளில் முன்னோருக்கும் படையல் உண்டு. ஆனால் வீட்டுக்கு வெளியே, தெருவில் வைக்கப்படும் உணவு வேறு எவருக்கோ உரியது. வழித்தோன்றல் இல்லாதவர்கள், விபத்திலும் போரிலும் மாண்டவர்கள், ஊர்விட்டு ஊர் சென்று பெயர் தெரியாமல் புதைக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு அவ்வுணவு படைக்கப்படுகிறது.

தாயின் பசியும் மகனின் கிண்ணமும்

இத்திருவிழாவைத் தாவோ சமயத்தார் 'சோங் யுவான்' என்பர். விண், மண், நீர் ஆகிய மூன்றுக்கும் அதிகாரிகளாக விளங்கும் மூன்று தெய்வங்களுள், குற்றங்களை மன்னிக்கும் மண்ணின் அதிகாரிக்கு ஏழாம் மாதம் 15ஆம் நாள் உரியது. பௌத்தர்கள் இதனை 'யூலான்பென்' என்பர். இது 'உல்லம்பன' என்னும் வடமொழிச் சொல்லின் சீன ஒலிப்பெயர்ப்பு என்பது மரபான விளக்கம். தலைகீழாகத் தொங்கவிடப்பட்ட துயரத்தைக் குறிக்கும் சொல் என அதற்குப் பொருள் கூறுவோர் உண்டு, மறுப்போரும் உண்டு. பினாங்கின் ஹொக்கியன் மக்களிடம் வழங்கும் 'போ தோர்' என்ற பெயர் இவற்றைக் காட்டிலும் எளிது. எல்லாரையும் கரையேற்றுதல் என்பது அதன் பொருள்.

உல்லம்பன சூத்திரம் கூறும் கதை இது. புத்தரின் முதன்மைச் சீடர் இருவருள் ஒருவர் மௌத்கல்யாயனர். பாலி நூல்கள் அவரை மொக்கல்லானர் என்கின்றன. சீனர் மூலியன் என்பர். தவ வலிமையால் பிற உலகங்களைக் காணும் ஆற்றல் பெற்ற அவர், இறந்துபோன தம் தாயைத் தேடுகிறார். தாய் பிரேதங்களின் உலகில் எலும்பும் தோலுமாய்ப் பசித்துக் கிடக்கிறாள். மகன் ஒரு கிண்ணத்தில் சோறு எடுத்துச் சென்று கொடுக்கிறார். கவளம் வாயை அடையுமுன் எரியும் கரியாகிவிடுகிறது. சித்திகள் அனைத்தும் கைவந்த துறவியால் தாய்க்கு ஒரு பிடி சோறு ஊட்ட முடியவில்லை. அழுதபடி புத்தரிடம் ஓடுகிறார். அவள் வினை பெரிது, உன் ஒருவன் ஆற்றல் போதாது என்கிறார் புத்தர். மழைக்காலம் முழுவதும் ஓரிடத்தில் தங்கி நோன்பிருந்த துறவியர் அனைவரும் அந்நோன்பை முடிக்கும் ஏழாம் மாத முழுநிலவு நாளில், அவர்களுக்கு உணவளித்து, கூட்டத்தின் நல்வினைப் பயனைத் தாய்க்கு வழங்குமாறு வழிகாட்டுகிறார். தாய் விடுபடுகிறாள்.

இந்நூலைச் சீன மொழிக்குக் கொணர்ந்தவர் தர்மரட்சர் என மரபு கூறுகிறது. இது சீனாவிலேயே உருவான நூலாக இருக்கலாம் என ஐயுறும் ஆய்வாளர்களும் உளர். எவ்வாறாயினும், லியாங் மன்னர் வூ 538ஆம் ஆண்டில் இவ்விழாவை நடத்தியதாகச் சீன நூல்கள் பதிவு செய்கின்றன. பின்னர் தாங் அரசர் காலத்தில் மூலியன் கதை துறவியரின் கையிலிருந்து கதைசொல்லிகளின் வாய்க்கு மாறியது. துன்ஹுவாங் குகைகளில் கிடைத்த சுவடிகளில் இக்கதையின் மக்கள் வடிவங்கள் உள்ளன. நரகத்தின் ஒவ்வோர் அறையாகத் தாயைத் தேடி அலையும் மகனின் கதை பின்னாளில் கூத்தாகவும் வளர்ந்தது. குடும்பத்தைத் துறப்பவனே துறவி என்பது குடும்பப் பற்று மிக்க சீனச் சமூகத்துக்கு உறுத்தலாக இருந்தது. தாய்க்காக நரகம் புகுந்த துறவியின் கதை அவ்வுறுத்தலைத் தீர்த்து வைத்தது. ஜப்பானியரின் 'ஓபோன்' விழாவும் இக்கதையின் வழித்தோன்றலே.

இங்கு 'பிரேதம்' என்ற சொல்லைச் சற்று நின்று நோக்குவது நன்று. இன்றைய தமிழில் அது பிணத்தைக் குறிக்கிறது. வடமொழியில் அதன் பொருள் 'அப்பால் சென்றவர்' என்பதே. இந்துச் சடங்கு மரபில், இறந்தவர் உடனே பித்ரு ஆகிவிடுவதில்லை. பிண்டமிட்டு, இறுதியில் சபிண்டீகரணம் என்னும் சடங்கால் முன்னோரோடு சேர்க்கப்படும் வரை அவர் பிரேத நிலையிலேயே இருக்கிறார். சடங்கைச் செய்ய எவரும் இல்லாதவரின் நிலை என்ன என்ற கேள்வி இங்கேயே பிறந்துவிடுகிறது. சீனத் தெருக்களில் ஏழாம் மாதத்தில் வைக்கப்படும் சோறு அக்கேள்விக்கு ஊர் கூடி அளிக்கும் விடையாகும்.

தெருவின் விருந்து

பினாங்கில் இவ்விழாவை நடத்துவோர் பெரும்பாலும் தெருக்குழுக்களும் சந்தை வணிகர்களுமே. ஒவ்வொரு குழுவுக்கும் மாதத்தில் தனக்கெனச் சில நாள்கள் உண்டு. ஆகவே ஒரு தெருவில் பந்தல் பிரிக்கப்படும் நாளில் அடுத்த தெருவில் பந்தல் எழும். பந்தலின் நடுவில் மூங்கிலும் காகிதமும் கொண்டு செய்த பேருருவம் ஒன்று நிற்கும். உருட்டி விழிக்கும் கண்களும் கோரமான முகமும் கொண்ட அதன் பெயர் தாய் சு யா. ஆவிகளின் அரசர் அவர். வந்து உண்போர் ஒழுங்கு மீறாதபடியும், எளியவர் பங்கை வலியவர் பறிக்காதபடியும் காப்பது அவர் பொறுப்பு. உற்று நோக்கினால் அவ்வுருவின் தலைமீது சிறிய குவான் யின் உருவம் தெரியும். கருணையின் வடிவான குவான் யினே ஆவிகள் அஞ்சி அடங்குவதற்காக இக்கோலம் பூண்டார் என்பது விளக்கம். செபராங் பிறை, புக்கிட் மெர்தாஜாமில் எழுப்பப்படும் தாய் சு யா நாட்டின் மிகப் பெரிய உருவங்களுள் ஒன்றாகப் பெயர் பெற்றது.

படையலில் சோறு, பழம், இனிப்பு, இறைச்சி, மது, தேநீர் அனைத்தும் உண்டு. முகம் கழுவத் தண்ணீரும் துண்டும் வைப்பாரும் உளர். நெடுந்தொலைவு நடந்து வந்த விருந்தினருக்குச் செய்யும் உபசாரம் அது. காகிதத்தில் செய்த வீடு, வாகனம், உடை, கைப்பேசி ஆகியவை எரிக்கப்படுகின்றன. எரிந்தது மறுமையில் சேரும் என்பது நம்பிக்கை. பௌத்தக் குருமார் நடத்தும் 'எரியும் வாய்' சடங்கு இவற்றுள் முதன்மையானது. நெருப்பு உமிழும் வாயுடன் தோன்றிய ஒரு பிரேதத்தைக் கண்டு அஞ்சிய ஆனந்தருக்கு, ஒரு கைப்பிடி உணவை எண்ணற்ற ஆவிகளுக்குப் போதுமானதாகப் பெருக்கும் மந்திரத்தைப் புத்தர் கற்பித்தார் என்ற கதையே அதன் அடிப்படை. குரு கை முத்திரைகள் காட்டி மந்திரம் ஓதி, அரிசியையும் நாணயங்களையும் கூட்டத்தின் மீது வீசுவார். ஊசியளவு குறுகிய தொண்டையினரான பிரேதங்களுக்கு அம்முத்திரைகளே தொண்டையைத் திறந்துவிடுகின்றனவாம். கையில் அமுதசுரபி ஏந்தி, பசி தீர்ப்பதையே அறமாகக் கொண்ட மணிமேகலையைப் பெற்ற தமிழுக்கு இந்தக் கற்பனை அயலானதன்று.

ஆவிகளுக்குக் கேளிக்கையும் உண்டு. முன்பு ஹொக்கியன், தியோச்சூ கூத்துகளும் பாவைக்கூத்தும் நிகழ்ந்த மேடைகளில் இன்று 'கெத்தாய்' எனப்படும் பாட்டுக் கச்சேரிகள் பெருகிவிட்டன. பளபளக்கும் உடையில் பாடகர்கள் பாடும் அம்மேடையின் முன் முதல் வரிசை நாற்காலிகள் காலியாக விடப்பட்டிருக்கும். விவரம் அறியாது அதில் அமர்பவரை அருகிலிருப்போர் மெல்ல எழுப்பிவிடுவர்.

விருந்தும் ஏலமும் இவ்விழாவின் மற்றொரு முகம். சிங்கப்பூரில் சிவப்பு, பொன்னிறக் காகிதம் சுற்றி அலங்கரித்த விறகுக்கரி 'கரும்பொன்' என்ற பெயரில் பெருந்தொகைக்கு ஏலம் போகிறது. அதை எடுப்பவருக்கு அவ்வாண்டு தொழில் செழிக்குமாம். பினாங்கில் 1970களிலிருந்து தெருக்குழுக்கள் ஒருங்கிணைந்து, விழாவில் திரளும் நன்கொடையைச் சீனப் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் திருப்பிவிட்டன. இறந்தோருக்கான விருந்திலிருந்து உயிருள்ள பிள்ளைகளுக்கு வகுப்பறை எழுந்தது என்பது மலேசியச் சீனர் வரலாற்றில் சிறிய செய்தியன்று.

தென்கிழக்காசியாவில் இவ்விழா இத்துணை வேரூன்றியதற்குக் காரணம் தேடினால் குடியேற்ற வரலாற்றிடமே வர வேண்டியுள்ளது. ஈயச் சுரங்கங்களுக்கும் துறைமுகங்களுக்கும் தனியாக வந்த ஆண்களுள் பலர் மணமுடிக்காமலே மாண்டனர். அவர்களுக்குத் திதி கொடுக்கப் பிள்ளைகள் இல்லை. ஊரில் உள்ள உறவுக்குச் செய்தியும் எட்டியிராது. அவர்களைப் பேய் என்று சொல்ல ஹொக்கியன் மக்களுக்கு நா எழுவதில்லை. 'நல்ல சகோதரர்கள்' என்றே குறிப்பிடுவர். அச்சமும் மரியாதையும் உறவு பாராட்டலும் ஒருங்கே கலந்த சொல் அது. தைவானின் கீலுங் நகரில் சாங்சோ, சுவான்சோ வட்டாரங்களிலிருந்து வந்த குடியேறிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தமக்குள் மோதிப் பலரைப் பலி கொடுத்தனர். பின்னர் சமரசம் கண்டு, 1855 முதல் குடும்பப் பெயர்களின் முறைப்படி ஏழாம் மாத விழாவை மாறி மாறி நடத்தத் தொடங்கினர். வெட்டிக் கொண்டவர்களின் இறந்தோர் அனைவருக்கும் ஒரே பந்தலில் உணவு வைக்கப்பட்டது. ஹாங்காங்கில் தியோச்சூ மக்கள் நடத்தும் இவ்விழா 2011இல் சீனாவின் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

கபில தீர்த்தத்தில் எள்ளும் நீரும்

இனித் திருப்பதி. திருமலையின் அடிவாரத்தில், சேஷாசலக் குன்றிலிருந்து அருவி வந்து விழும் குளம் கபில தீர்த்தம். கபில முனிவர் வழிபட்டதாகக் கூறப்படும் கபிலேசுவரர் கோயில் அதன் கரையில் உள்ளது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் அதனை நிருவகிக்கிறது. வைணவர் இதனை ஆழ்வார் தீர்த்தம் என்பர். வேங்கடவனின் மலையடியில் சிவன் கோயில், அதன் குளத்தில் பித்ரு காரியம் என்ற அமைப்பில் எவரும் முரண் காண்பதில்லை. மகாளய அமாவாசையன்று அங்கே தர்ப்பையும் எள்ளும் ஏந்தி அமர்வோருள் தெலுங்கரும் உண்டு, தமிழரும் உண்டு. சித்தூர் மாவட்டம் 1911இல் வட ஆற்காடு, கடப்பைப் பகுதிகளைக் கொண்டு அமைக்கப்பட்டது. 1960இல் எல்லை திருத்தப்பட்டு, திருத்தணி தமிழகத்துடன் சேர்ந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இவ்வாறு மாறிக் கொண்டிருந்தாலும், எல்லைக்கு இருபுறமும் வீடுகளில் பேசப்படும் மொழிகளும் செய்யப்படும் சடங்குகளும் கலந்தே உள்ளன. தெலுங்கில் இந்நாளைப் 'பெத்தல அமாவாசை' என்பர். பெரியவர்களின் அமாவாசை என்பது பொருள். மந்திரத்தோடு தர்ப்பணம் செய்யாத குடும்பங்களில், இறந்தவர் விரும்பி உண்டவற்றைச் சமைத்து இலையில் படைத்து, காக்கைக்கு ஒரு பிடி வைத்த பின்னரே வீட்டார் உண்பர்.

முதல் நோக்கில் மகாளயம் குடும்பக் கணக்குடையது. தந்தை, பாட்டனார், முப்பாட்டனார், தாய்வழியிலும் அவ்வாறே, பெயரும் கோத்திரமும் சொல்லி நீர் வார்க்கப்படுகிறது. ஆனால் இக்கணக்கின் ஓரத்தில் இடம் விடப்பட்டுள்ளது. மற்ற அமாவாசைகளில் பெயர் சொல்லப்படாதவர்கள் மகாளய பட்சத்தில் காருணிக பித்ருக்கள் என்ற பெயரில் அழைக்கப்படுகின்றனர். பெரியப்பா, சித்தப்பா, அத்தை, உடன்பிறந்தோர், மாமனார், ஆசிரியர், நண்பர் என அப்பட்டியல் விரிகிறது. கருணைக்கு உரியோர் என்பதே அச்சொல்லின் உட்பொருள். ஆயுதத்தாலும் விபத்தாலும் மாண்டவர்களுக்கென அமாவாசைக்கு முந்திய சதுர்த்தசி தனியே ஒதுக்கப்பட்டுள்ளது. தர்ப்பணத்தின் முடிவில், முடிந்து வைத்த தர்ப்பைக் கூர்ச்சத்தைப் பிரித்து ஒருமுறை நீர் விடப்படும். தாயும் தந்தையும் உறவும் நட்பும் அற்று, தமக்கென நீர் வார்க்க எவருமில்லாதவர்களுக்கு அந்நீர். புரோகிதர் விரைவாகச் சொல்லிக் கடந்துவிடும் அம்மந்திரத்தின் பொருளைக் கேட்டறிந்தோர் குறைவு. பினாங்குத் தெருவின் பெரும்பந்தலும் கபில தீர்த்தப் படிக்கட்டில் சிந்தும் அந்தக் கடைசிக் கை நீரும் ஒரே கூட்டத்தாரையே நோக்கியவை.

வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். தமிழ், தெலுங்கு மரபில் யாருமற்றோர் சடங்கின் இறுதி வரியில் நினைக்கப்படுகின்றனர். சீனர்களோ அவர்களுக்கென ஒரு முழு மாதத்தையே ஒதுக்கி, அச்செலவை ஊர்ப்பொதுவில் வைத்தனர்.

இவ்வகை யாருமற்ற இறப்புகள் இரு திசைகளிலும் நேர்ந்துள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் சிறையிடம் போதாமல், சீனக் கைதிகள் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டனர். நீலகிரியின் நடுவட்டத்தில் கொயினா மரத் தோட்டங்களில் அவர்கள் வேலை செய்தனர். தண்டனை முடிந்தபின் சிலர் அங்கேயே தங்கித் தமிழ்ப் பெண்களை மணந்ததை எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்துள்ளார். திரும்பாமலும் மணக்காமலும் மலையிலேயே மடிந்தோருக்கு ஏழாம் மாதத்தில் சோறு வைக்கச் சுற்றிலும் ஆள் இருந்திராது.

எதிர்த்திசையில், 1942-43இல் சயாம்-பர்மா இரயில் பாதை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் வாந்திபேதியிலும் பசியிலும் கூட்டம் கூட்டமாக மாண்டனர். பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர் 90,000 பேர் வரை என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்குப் பராமரிக்கப்பட்ட கல்லறைகள் வரிசையாக உள்ளன. தமிழ்த் தொழிலாளர்களுக்குத் தனிக் கல்லறை இல்லை. இறந்த நாள் தெரியாததால் திதி கொடுக்க இயலாமற்போன குடும்பங்கள் பல. இறந்த திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையே உரிய நாள் என்ற விதி இத்தகையோருக்காகவே நிற்கிறது.

அண்டை வீட்டாரின் மாதம்

ஏழாம் மாதத்தில் சீனக் குடும்பங்கள் திருமணத்தையும் புதுமனை புகுதலையும் பெரும்பாலும் தவிர்க்கின்றன. இரவில் நீச்சல் கூடாது, ஈரத்துணியை இரவில் வெளியே காயவிடக் கூடாது, பின்னாலிருந்து பெயர் சொல்லி அழைத்தால் திரும்பக் கூடாது, சாலையில் கிடக்கும் பணத்தை எடுக்கக் கூடாது எனப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும். தமிழ் வீடுகளில் ஆடி மாதத்தில் மணம் தவிர்ப்பதை அறிந்தோருக்கு இவை வியப்பளிக்கா. நம்பிக்கை இல்லாதவரும் பின்பற்றத்தக்க ஒன்று உண்டு: சாலையோரப் படையலைத் தாண்டவோ மிதிக்கவோ கூடாது. அது ஆவிக்கு அஞ்சி அன்று. வைத்தவரின் மனம் நோகாதிருக்க.

புகை இன்று பெரிய சிக்கலாகியுள்ளது. சிங்கப்பூரில் காகிதம் எரிப்பதற்கென நகர மன்றங்கள் தனிக் கலன்களை வைக்கின்றன. புல்வெளியிலும் நடைபாதையிலும் எரிக்க வேண்டாம் என ஒவ்வோர் ஆண்டும் அறிவுறுத்தப்படுகிறது. சாம்பல் பறந்து துணியில் படிவதாகவும் முதியோருக்கு மூச்சுத் திணறுவதாகவும் அண்டை வீட்டார் முறையிடுகின்றனர். எரிப்போரோ தம் தாத்தா காலத்து வழக்கம் என்கின்றனர். குறைவான காகிதத்தோடு நிறுத்திக்கொள்ளும் குடும்பங்கள் கூடி வருகின்றன. கபில தீர்த்தம் போன்ற குளங்களில் தர்ப்பையும் பிண்டமும் நீரில் தேங்கும் சிக்கலும் இதனையொத்ததே.

விழாவின் கடைசி இரவில் தாய் சு யாவின் உருவம் பந்தலிலிருந்து வெளியே தூக்கிச் செல்லப்படுகிறது. சுற்றிலும் காகிதப் பணம் குவியலாக அடுக்கப்பட்டு நள்ளிரவை ஒட்டித் தீ மூட்டப்படுகிறது. மூங்கிலும் காகிதமும் ஆதலால் சில நிமிடங்களில் எரிந்து முடிகிறது. படையலில் வைக்கப்பட்ட அரிசி எரிக்கப்படுவதில்லை. முதியோர் இல்லங்களுக்கும் வறிய குடும்பங்களுக்கும் அது மூட்டை மூட்டையாகப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. ஹாங்காங்கில் அந்த அரிசியைப் பெற முதியோர் நீண்ட வரிசையில் காத்து நிற்பர்.